பதில் வராத ஒன்பது நிமிடங்கள்

ஐம்பதுகளின் கடைசியில் நான் திருச்சி விமான நிலையத்தில் ரேடியோ ஆபரேட்டர். பறந்து வரும் விமானிகளோடு பேச வேண்டும். பேசியதை நிமிடம் பிசகாமல் பதிவேட்டில் எழுத வேண்டும். ஸ்ரீரங்கத்திலிருந்து டவுன் பஸ்ஸில் போய் வருவேன்.

கொழும்பு விமானத்தை ஓட்டிய விமானி ஒருவர் எனக்கு நண்பர் என்று நம்பியிருந்தேன். விடியுமுன் மதராஸில் கிளம்புவார். திருச்சி, கொழும்பு, மறுபடி திருச்சி, மதராஸ். நடுவில் பெஞ்சில் காத்துக் கிடக்கும் நேரத்தையெல்லாம் கம்பெனி ‘ஓய்வு’ என்று எழுதிக்கொள்ளும். பறந்தால்தான் வேலையாம்! “நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது சார்” என்பார். என் டிபனில் பாதி அவருக்குத்தான்.

ஒரு மத்தியானம் கொழும்பிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த அவரைக் கூப்பிட்டேன். பதில் இல்லை. ஒன்பது நிமிடம் தொண்டை வறளக் கூப்பிட்டேன். இறங்க வேண்டிய விமானம் எங்கள் தலைக்கு மேலே வடக்கே போய்விட்டது. அப்புறம்தான் குரல் வந்தது.

இறங்கியதும் நேராக என் அறைக்கு வந்தார்.

“தூங்கிட்டேன் சார். பக்கத்துல இருந்த பைலட்டும் தூங்கிட்டார். கண்ணைத் தொறந்தா கீழே காவேரி.”

“எழுதாம விட்டுடட்டுமா?”

“எழுதுங்க. நாங்களா போய்ச் சொன்னா வேலை போயிடும். நீங்க எழுதினா விசாரிப்பாங்க, எங்க வேலை நேரத்தைக் குறைப்பாங்க. கேட்டா உண்மையைச் சொல்றேன், சத்தியமா.”

எழுதினேன்.

விசாரணையில் அவர் என் முகத்தையே பார்க்கவில்லை. “எறங்க அனுமதி கேட்டுக்கிட்டே இருந்தோம். ஆபரேட்டர் பதில் சொல்லலை. தூங்கியிருப்பார். அதனாலதான் தாண்டிப் போய்த் திரும்பினோம்” என்றார். பக்கத்து சீட்டு பைலட்டும் தலையாட்டினார். பதிவேட்டில் இருந்தது நான் தப்பிக்க எழுதிய பொய்யாகிவிட்டது.

எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. கூடவே ஓர் உத்தரவு: களைப்பில் தூங்கிவிடுவதால், ஆபரேட்டர்களுக்கு இனி ஆறு மணி நேர வேலைதான். விமானிகளுக்கு ஒரு நிமிடம்கூடக் குறையவில்லை. கூட வேலை செய்தவர்கள் எனக்குக் காபி வாங்கிக் கொடுத்தார்கள். வயிறெரிந்துகொண்டே குடித்தேன்.

அதன்பிறகு அவரோடு ரேடியோவில் பேசியதோடு சரி. ஆனால் அவர் விமானம் வரும்போது நிமிடத்துக்கு ஒரு தடவை கூப்பிடுவேன். உள்ளே பயணிகள் இருந்தார்களே!

ஆறு மணி நேரம் முடிந்ததும் என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பஸ் காவிரிப் பாலத்தில் போகும்போது அவர் விமானம் மதராஸ் பக்கம் போகும். படுபாவி முழித்திருக்கிறானா என்று ஜன்னல் வழியே எட்டிப் பார்ப்பேன். அங்கிருந்து கூப்பிட முடியாது.