மழைக்குப் பின் ஒன்பதாம் நாள்

கொழும்புக்குப் போய்வந்த தோணி ஒன்றில் என் தம்பி வேலை பார்த்தான். இங்கிருந்து வெங்காயம் ஏற்றிப் போவார்கள். திரும்பி வரும்போது எனக்கு ஏதாவது கொண்டுவராமல் இருக்கமாட்டான். பெரும்பாலும் தேயிலை. எனக்குக் கல்யாணமாகித் தூத்துக்குடியில் தனிக்குடித்தனம் வந்த இரண்டாவது வருடம், ஒரு டிசம்பரில், ஈரச் சாக்கில் சுற்றிய பொட்டலம் ஒன்றைச் சமையலறையில் வைத்தான். பிரித்துப் பார்த்தேன். அடிப்பகுதி மட்டும் பருத்த பச்சைக் குச்சிகள், அவற்றில் சில தடித்த இலைகள், கீழே வெள்ளைப் புழுக்களைப் போல வேர்கள்.

“ஏலே, என்னது இது?”

“பேரு தெரியாதுக்கா. அங்கன ஒரு ரோட்டுல மரத்துக்கு மரம் இதுதான் தொத்திக்கிட்டு நிக்கி. ஒரு நாள் காலைல பாத்தா எல்லாத்துலயும் ஒண்ணுபோல வெள்ளையாப் பூத்திருக்கு. மறுநாள் ஒண்ணையும் காணும். நீ சயின்ஸ் டீச்சருதான, என்னன்னு கண்டுபிடி.”

பூ எப்படி இருந்தது என்று கேட்டேன். புறா சிறகை விரித்தது போல என்றான். கடலில் போகிறவர்கள் எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள். நான் பாதியைத்தான் நம்பினேன்.

கல்லூரியில் தாவரவியல் படித்தவள் நான். அது ஆர்க்கிட் வகை என்று அந்த வேரே எனக்குச் சொல்லியிருக்க வேண்டும். ஆர்க்கிட் வேரின் குறுக்குவெட்டுத் தோற்றத்தைப் பரீட்சையில் வரைந்து நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். அப்படிப்பட்டவள் என்ன செய்தேன்? செம்மண்ணும் ஆட்டுப் புழுக்கையும் கலந்து தொட்டியில் நட்டேன். இரண்டு வேளையும் கிணற்றுத் தண்ணீர் ஊற்றினேன். ஒரே மாதத்தில் வேர் கூழாகி நாற்றமடித்தது.

பக்கத்து வீட்டுக்காரரை நான் மதினி என்று கூப்பிடுவேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். எங்கள் தெருவின் உவர் மண்ணிலும் ரோஜா வளர்த்துக் காட்டியவர். அந்தப் பெருமை அவர் நடையிலேயே தெரியும். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து என் தொட்டியை எட்டிப் பார்த்தார்.

“ஏளா, அது மரத்துல இருந்ததுன்னுதான ஒன் தம்பி சொல்லுதான்? நீ அதைக் குழிக்குள்ள போட்டு மூடுனா மூச்சு முட்டாதா?”

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அந்த வேரின் மேலுள்ள வெள்ளைத் தோல், காற்றிலும் மழையிலும் இருந்து நீரை உறிஞ்சத்தான் இருக்கிறது என்று நானே கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். அன்றைக்கே செடியைத் தோண்டி எடுத்து, அழுகியதை நறுக்கிவிட்டு, மிச்சத்தை இரண்டாகப் பிரித்தேன். ஒன்றைக் கிழிந்த நைலான் வலைத்துண்டால் எங்கள் முற்றத்துப் பூவரச மரத்தில் கட்டினேன். இன்னொன்றை மதினியிடம் நீட்டினேன். அவர் கையை நீட்டவில்லை.

“புல்லுருவி மாதிரி மரத்தை உறிஞ்சிராதா?”

“இல்ல மதினி. புல்லுருவி மரத்துக்குள்ளயே வேரை எறக்கும். இது சும்மா பிடிச்சுக்கிட்டு நிக்கும், அவ்வளவுதான். குடியிருக்கும், சோறு கேக்காது.”

“அப்ப நல்ல குடித்தனக்காரிதான்” என்று வாங்கிக்கொண்டு போய்த் தன் வேப்பமரத்தில் கட்டினார்.

கிணற்று உப்புத்தண்ணீர் அதற்கு ஆகாது என்று புரிந்தது. ஒன்றுவிட்டு ஒருநாள் வரும் குடிதண்ணீரில் ஒரு செம்பு எடுத்து வைத்துத் தெளித்தேன். “நாம குடிக்கதே ஒரு கொடம், அதுல அதுக்கு ஒரு செம்பா?” என்பார் துறைமுகத்தில் வேலை பார்த்த என் கணவர். சொல்லிவிட்டு, நான் மறந்த நாட்களில் அவரே தெளித்ததும் உண்டு.

வேர் மரப்பட்டையைப் பற்றிக்கொண்டது. புதிய குச்சிகள் வந்தன. ஆனால் நுனிப்பக்கம் இலையே இல்லாமல் கம்பி மாதிரி மொட்டையாக நீண்டன. காய்ந்துபோகிறது என்று நினைத்து இரண்டு நுனிகளைக் கத்தரித்தேன். மூன்றாவதைப் பிடித்தபோது கணுவில் ஏதோ தட்டுப்பட்டது. பள்ளிக்கூடத்து லென்ஸை வைத்துப் பார்த்தேன். செதிலுக்குள் அரிசிக் குருணை அளவில் முடிச்சுகள். கத்தரிக்கோலை உள்ளே வைத்துவிட்டேன். அந்த முடிச்சுகளோ மாதக்கணக்கில் அப்படியே இருந்தன. தினமும் சுவருக்கு மேலே எங்களுக்குள் ஒரே கேள்விதான்: “பூத்துச்சா?” “இல்ல, ஒங்களுக்கு?”

மரத்தில் கட்டியதற்கு மறு வருடம் ஏப்ரலில், கடைசிப் பரீட்சை நடந்த நாளன்று, யாரும் எதிர்பாராமல் மத்தியானம் இடி இடித்துக் கொட்டித் தீர்த்தது. அன்று காலைவரை புழுங்கிய ஊர் ஒரு மணி நேரத்தில் சில்லென்று ஆனது. அடுத்த வாரம் ஒரு காலையில் பால் எடுக்கக் கதவைத் திறந்தால், முற்றமெல்லாம் மணம். மொட்டையாக நின்ற நுனிகள் முழுக்க வெள்ளைப் பூக்கள். சிறகை விரித்துக் கழுத்தை நீட்டிய சின்னப் புறாக்கள், தொண்டையில் மஞ்சள். தம்பி ஒரு பொட்டுக்கூடக் கூட்டிச் சொல்லவில்லை.

மதினியிடம் சொல்ல ஓடினேன். அவர் தன் வாசலிலிருந்து என்னைப் பார்த்து ஓடிவந்துகொண்டிருந்தார்.

“ஏளா, எனக்குப் பூத்திருச்சு!”

“மதினி, எனக்குந்தான்!”

ஒரு கணம் இருவர் முகமும் தொங்கிப்போனது. பிறகு நடுத்தெருவில் நின்று சிரித்தோம். நான் ரகசியமாக அவர் செடிக்கும் ஏதோ உரம் வைத்துவிட்டேன் என்று அவர் கொஞ்சநேரம் சந்தேகப்பட்டார். சாயங்காலம் என் கணவர் வேலை முடிந்து வரும்போது பூக்கள் நனைந்த காகிதம் போலத் தொங்கின. “இதுக்கா இத்தனை செம்பு?” என்றார்.

எனக்கு வேறு கேள்வி. வெயிலில் நிற்கிற என் செடியும் நிழலில் நிற்கிற அவர் செடியும் ஒரே நாளை எப்படித் தெரிந்துகொண்டன?

ஐப்பசியில் முதல் பெருமழை வந்து வகுப்பறைக்குள் தண்ணீர் புகுந்து பள்ளிக்கு விடுமுறை விட்டார்கள். சில நாள் கழித்து இரண்டு செடிகளும் மறுபடி ஒரே நாளில் பூத்தன. அப்போதுதான் பொறி தட்டியது. பரீட்சை அட்டவணையை எடுத்து, ஏப்ரல் மழை நாளிலிருந்து, பூத்ததென்று காலண்டரில் குறித்திருந்த நாள்வரை எண்ணினேன். ஒன்பது. விடுமுறை நாளிலிருந்து எண்ணினேன். அதுவும் ஒன்பது. நம்பாமல் விரல்விட்டு இன்னொருமுறை எண்ணினேன்.

நாங்கள் செம்பு செம்பாக ஊற்றிய தண்ணீருக்கு அது ஒருநாளும் பூத்ததில்லை. அதனால் தண்ணீர் காரணமில்லை. மழையோடு வெக்கை சட்டென்று இறங்குகிறதே, அந்தக் குளிர்தான். தூங்கும் மொட்டுகளை எல்லா மரத்திலும் ஒரே நேரத்தில் அது எழுப்பிவிடுகிறது. நான் அப்படித்தான் முடிவு செய்தேன்.

கார்த்திகைக் கடைசியில், சில வாரம் வெயில் காய்ந்தபின் ஒரு மழை கொட்டியது. மதினியிடம் போய், “அடுத்த வாரம் வியாழக்கிழமை பூக்கும்” என்றேன்.

“நீ என்ன பஞ்சாங்கமா?”

“வேணும்னா பாருங்க.”

வாய்விட்டுவிட்டு, தினமும் பள்ளிக்குப் போகுமுன் லென்ஸோடு மரத்தடியில் நின்றேன். மதினியோ அதைத் தெரு முழுக்கப் பரப்பிவிட்டார். மறுவாரம் செவ்வாய்க்கிழமை குருணைகள் பருத்து நுனி வளைந்திருந்தன. புதன்கிழமை தொட்டாலே வெடித்துவிடும் போலிருந்தன. வியாழன் விடிந்ததும் வெளியே போகப் பயந்து, என் கணவரைப் பார்த்துவரச் சொன்னேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். பிறகு, “வந்து பாரு, ஒண்ணு பாக்கியில்ல” என்று குரல் கொடுத்தார்.

தெருவே வந்து பார்த்தது. அதற்கப்புறம் அந்தக் கணக்கு மதினியுடையதாகிவிட்டது. மழை பெய்த மறுநாளிலிருந்து போகிறவர் வருகிறவரிடமெல்லாம் அவரே நாள் சொல்லுவார். ஒருமுறை மீன்காரியிடம் அவர் விளக்கிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது: “அதுக்கு முதல்ல குளிர் காய்ச்சல் அடிக்கும். ஒம்பது நாள்ல காய்ச்சல் விட்டுரும். ஒடனே பூத்திரும். சனிக்கிழமை வா, காட்டுதேன்.”

நான் திருத்தவில்லை. சனிக்கிழமை மீன்காரி கூடையை இறக்கிவைத்துவிட்டு ஒரு பூவைக் கேட்டு வாங்கிக் கொண்டையில் செருகிக்கொண்டு போனாள்.