சுவரோடு போன போஸ்டர்

சைதாப்பேட்டையில் ஆற்றோரம் எங்கள் வீடு இருந்தது. ஒரே அறை. உள்ளே நுழைந்தால் எதிர்ச்சுவரில் அந்தப் போஸ்டர்தான் முதலில் கண்ணில் படும். சிவப்பு ஓடுபாதையில் ஒரு பெண் முன்னால் சாய்ந்து ஓடிக்கொண்டிருப்பாள். என் அக்கா இருபது வயதில் வெளிநாட்டில் நடந்த ஒரு சர்வதேசத் தடகளப் போட்டிக்குப் போனபோது கொண்டுவந்த அந்தப் போட்டியின் போஸ்டர் அது. தொடர் ஓட்டத்தில் அவள் மாற்று வீராங்கனை. மற்றவர்கள் யாருக்கும் அடிபடவில்லை. அதனால் அவள் ஓடாமலே திரும்பி வந்தாள்.

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். வடபழனிப் பக்கம் சினிமா போஸ்டர் ஒட்டுவது அவர் தொழில். மகள் கொண்டுவந்ததைக் கண்ணாடி போட்டு மாட்டலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை. மைதாப் பசை காய்ச்சி, பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் கலந்து, ஒரு சுருக்கம் விழாமல் சுவரில் ஒட்டிவிட்டார். முப்பது வருஷத்துக்கு மேல் அது அப்படியே இருந்தது. வெள்ளம் வந்தபோதுகூடக் கீழ் ஓரம் பழுப்பேறியதோடு சரி.

போன வருஷம் ஆக்கிரமிப்பு என்று ஆற்றோர வீடுகளை இடிக்க அதிகாரிகள் வந்தார்கள். ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் எங்களுக்கு இடம் ஒதுக்கியிருந்தார்கள். கட்டில், சிலிண்டர், பாத்திரம் எல்லாம் வண்டியில் ஏறிவிட்டன. நைனா மட்டும் உள்ளே நின்று ஈரத்துணியால் போஸ்டரை ஒற்றிக்கொண்டிருந்தார்.

“கொஞ்சம் ஊறுனா வந்துரும்மா.”

அக்கா தோசைக்கரண்டியை ஓரத்தில் நுழைத்துப் பார்த்தாள். மேல்தாள் மட்டும் தோல்போல உரிந்தது. அந்தப் பெண்ணின் ஒரு கை கிழிந்து வந்தது.

“கை போச்சு நைனா. வுட்டுடு.”

நான் வெளியே ஓடி ஜேசிபி ஓட்டுகிறவரிடம் கெஞ்சினேன். “அண்ணே, இந்த வூட்ட மட்டும் கடைசியா இடிங்கண்ணே.”

“நான் இன்னாம்மா பண்றது? வரிசையா வரச் சொல்லிக்கிறாங்க. மொதல்ல பெருச வெளிய இட்டுனு வா.”

ஒரு பெண் போலீஸ் உள்ளே போய் நைனாவின் முழங்கையைப் பிடித்து, பதமாகத்தான், அழைத்து வந்தார். வாசல் தாண்டியதும் நைனா அக்காவைப் பார்த்து, “இவ்ளோ கெட்டியாவா ஒட்னேன்?” என்று கேட்டார். அவர் அழுததை நான் அன்றுதான் பார்த்தேன். அக்கா அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சுவர் உள்பக்கமாகச் சரிந்தது. புழுதி அடங்கியதும் ஒரு துண்டாவது கிடைக்குமா என்று அவள் போனாள். கிட்டே விடவில்லை.

புது வீட்டிலிருந்து அடையாறுக்கு அக்கா வேலைக்குப் போய்வரவே பாதி நாள் ஆகிறது. நைனா வெளியே அதிகம் போவதில்லை. சாயங்காலம் ஆனால் என் போனை எடுக்கச் சொல்வார். “அந்தப் போஸ்டர தேடிக் குடும்மா.” அந்தப் போட்டியின் பெயரைப் போட்டுத் தேடுவேன். வேறு வேறு போஸ்டர்கள் வரும். ஒவ்வொன்றாகக் கண்ணைச் சுருக்கிப் பார்த்து, “இது இல்ல” என்பார். அதற்குள் அக்கா எழுந்து கொடியிலிருக்கும் துணியை எடுக்கப் போய்விடுவாள்.

“நாளைக்குப் பாக்கலாம் நைனா” என்கிறேன்.