வெள்ளையில் ஒரு சொட்டு நீலம்

ரொட்டியக்கா தன் வாழ்நாளில் ஒரு ரொட்டிகூட விற்றதில்லை. அவள் தொழில் போட்டோ எடுப்பது. ஆனால் வண்டியின் இரண்டு பக்கமும் முழ உயர எழுத்தில் ‘ரொட்டி’ என்று எழுதியிருந்தால் ஜனங்கள் வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? தெருமுனையில் வண்டி நின்றதும் பையோடு யாராவது ஓடி வருவார்கள். “ரொட்டி இல்லீங்க, போட்டோ” என்பாள். “அப்புறம் எதுக்கு எழுதி வெச்சு ஆளை ஏமாத்துறே?” என்று முறைத்துவிட்டுப் போவார்கள். எழுத்தை அழிக்கக் கூடாது என்றது அவள் புருஷன். வண்டிகளுக்குப் பெயின்ட் அடிப்பவர். தெருவில் அவருக்குப் பெயரே பெயின்டர்தான். “இந்த வளைவை இன்னைக்கு எவன் எழுதுவான்? அழிக்கணும்னா என்னை அழிச்சுட்டு அழி” என்றார். எழுத்து பிழைத்துக்கொண்டது.

அக்காவின் ஸ்டுடியோ இருந்த கட்டடம் சாலையை அகலப்படுத்தியபோது இடிபட்டது. வேறு கடை தேடி அலைந்தவளுக்கு ஒரு யோசனை வந்தது. படுத்த படுக்கையாகக் கிடப்பவர்கள், மாடி இறங்க முடியாதவர்கள், பிறந்து பத்து நாளான குழந்தைகள், இவர்கள் யாரும் எந்த ஸ்டுடியோவுக்கும் வரப்போவதில்லை. நாமே அவர்கள் வாசலுக்குப் போனால் என்ன? பழைய இரும்புக் கிடங்கில் அந்த ரொட்டி வண்டி கிடைத்தது. புருஷன் பெண்டாட்டி இருவரையும்விட அதற்கு வயது அதிகம். உருண்டை மூக்கு, பின்னால் இரட்டைக் கதவு, உள்ளே தட்டுகள் சொருகும் சட்டங்கள். உள்ளே நின்று குனிந்தால் தரையின் ஓட்டை வழியே ரோடு தெரிந்தது.

அதை வண்டியாக்க மூன்று வருஷம் ஆயிற்று. மூன்று வருஷமும் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடாமல் சண்டை. கதவுக் கீல் கிறீச்சிடுகிறது என்று அவள் கத்துவாள். கிறீச்சிடாத கீல் வேண்டுமானால் புது வண்டி வாங்கு என்று அவர் கத்துவார். தட்டுச் சட்டத்தை எடுப்பதா வைப்பதா என்பதற்கே ஒரு மாதம் ஓடியது. ஒரு ஞாயிறு சத்தம் கேட்காவிட்டால் பக்கத்து வீட்டுக்காரர் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து, “யாருக்காவது உடம்பு சரியில்லையா?” என்று விசாரிப்பார். சண்டை போட்டே சேர்ந்து வாழ்ந்தவர்கள் அவர்கள். அதில் ஒரு குறையும் இல்லை.

கடைசியாக மிஞ்சியது உட்பக்கத்துப் பெயின்ட். அப்பழுக்கில்லாத வெள்ளை வேண்டும் என்று அக்கா சொல்லியிருந்தாள். சிறிய இடத்தில் சுவரின் நிறம் அப்படியே முகத்தில் வந்து விழும். அவரும் தலையாட்டினார். வெளுத்த துணிக்கு நீலம் போடுவதுபோல வெள்ளைப் பெயின்டில் ஒரு சொட்டு நீலம் விட்டுக் கலக்குவது அவர் வழக்கம். அப்போதுதான் மஞ்சள் தட்டாமல் பளிச்சென்று இருக்கும். அளவெல்லாம் கிடையாது, கண்தான் அளவு.

இரண்டு நாள் அவளை அண்டவிடாமல் மூன்று பூச்சு அடித்து முடித்தார். மூன்றாம் நாள் காலை இரட்டைக் கதவைத் திறந்துவிட்டு, “எப்படி இருக்கு?” என்று கேட்டார்.

இருபத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் அவர் யாரிடமும் அப்படிக் கேட்டதில்லை. தன் வேலையைப் பற்றி அடுத்தவர் வாயால் கேட்க வேண்டிய அவசியமே அவருக்கு இருந்ததில்லை. அன்றைக்குக் கேட்டார். புருவத்தில் பெயின்ட் ஒட்டியிருந்தது.

உள்ளே நீலமாக இருந்தது. நீலம் போட்ட துணியை அலசாமல் காயப்போட்டால் எப்படி இருக்கும், அப்படி. அக்கா வாயைத் திறந்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள்.

“நல்லா இருக்குங்க. பால் மாதிரி இருக்கு” என்றாள்.

முதல் வாரமே பலன் தெரிந்தது. ஒரு பெரியவரின் மகள் படத்தோடு வந்து நின்றாள். “எங்கப்பா நல்லாத்தானே இருக்காரு? உசிரோட இருக்கும்போதே பொணமாக்கிட்டீங்களே!” அக்கா மன்னிப்புக் கேட்டாள். கம்ப்யூட்டரில் நீலத்தைக் குறைத்து வேறு படம் போட்டுக் கொடுத்தாள். மறுநாள் வெள்ளைத் துணி வாங்கி மூன்று பக்கமும் தொங்கவிட்டாள். “துணி கட்டினா வெளிச்சம் மெத்துனு விழும்” என்று புருஷனிடம் சொன்னாள். அவர் நம்பினார். அவள் சொல்லி அவர் எதிர்க்கேள்வி கேட்காத ஒரே விஷயம் அதுதான்.

இரண்டு வருஷம் துணி தொங்கியது. தொழில் நன்றாக நடந்தது. இதற்கிடையில் பெயின்டர் நிலைப்படியில் தோளை இடித்துக்கொள்ள ஆரம்பித்தார். டீயை மேசையின் ஓரத்தில் வைப்பார், அது விழும். “கண்ணை எங்க வெச்சுக்கிட்டு நடக்கிறீங்க?” என்று அதற்கெல்லாம் அக்கா சண்டை போட்டாள். நிறம் பார்த்துப் பிழைக்கிறவள், நூறு பேர் முகத்தில் ஒரு சாயல் மாறினால் கண்டுபிடிக்கிறவள். ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, தான் போய் விழுமாம் கழுநீர்ப் பானையில் துள்ளி. ஒன்றோடு ஒன்றை முடிச்சுப் போட அவளுக்குத் தோன்றவே இல்லை.

ஒரு நாள் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது இடது பக்கத்துக் கம்பத்தில் மோதினார். கம்பம் இருப்பதே தெரியவில்லை என்றார். அன்றைக்கே அவள் அவரைக் கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள்.

டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார். “கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறி நரம்பைத் தின்னுருக்கு. போன பார்வை திரும்பாது. இருக்கிறதைத்தான் காப்பாத்தணும்.” பிறகு கோப்பைப் புரட்டிக்கொண்டே கேட்டார். “பெயின்ட் வேலைன்னு போட்டிருக்கே. சிலருக்கு நீலம்தான் முதல்ல மங்கும். ரெண்டு மூணு வருஷமா நிறம் கலக்குறதுல ஏதாவது தப்பு வந்துச்சா?”

“நிறத்துலயா? நானா?” பெயின்டர் சிரித்தார். “ஒரு தடவைகூட இல்லீங்க. வேணும்னா இவளையே கேளுங்க.”

அக்கா ஒன்றும் சொல்லவில்லை.

வீடு வரைக்கும் அவள்தான் ஓட்டினாள். டாக்டரம்மா முன்னால் அவள் பேசாமல் இருந்தது அவருக்கு நன்றாகவே கேட்டிருந்தது.

மறுநாள் காலை அவரே வண்டிக்குள் ஏறி, போட்டோவுக்கு ஆட்கள் உட்காரும் முக்காலியில் உட்கார்ந்தார். “துணிய எடு” என்றார். அவள் ஒவ்வொன்றாகக் கழற்றினாள். நேர் எதிரே ஒரு தட்டு அகலத்துக்குத்தான் அவருக்குப் பார்வை மிச்சம். தலையைத் திருப்பித் திருப்பிச் சுவர் முழுக்கப் பார்த்தார்.

“எனக்கு வெள்ளையாத்தான் தெரியுது. உனக்கு?”

“நீலம்.”

“எவ்வளவு?”

“நல்லா நீலம்.”

“எப்பலேர்ந்து தெரியும்?”

“நீங்க கதவைத் திறந்தீங்களே, அன்னைக்கே.”

அவர் குனிந்து தன் கைகளைப் பார்த்தார். “கீல் சத்தம் போடுதுன்னு சண்டை போட்டே. டீ கொட்டினா சண்டை போட்டே. உப்புப் பெறாத விஷயத்துக்கெல்லாம் தெருவே கேக்கச் சண்டை போட்டியே. இதுக்கு ஒரு சண்டை போட்டிருக்கக் கூடாதா?”

கோபமாகச் சொல்லியிருந்தால் அவளும் பதிலுக்குக் கத்தியிருப்பாள். அவர் கோபமாகச் சொல்லவில்லை. “நீங்க என்னைக்குமே கேட்டதில்ல. அன்னைக்குக் கேட்டீங்க. அதான்…” என்றவள் அதற்கு மேல் முடியாமல் அழுதாள். அன்றைக்கே நீலம் என்று சொல்லியிருந்தால் அப்போதே டாக்டரிடம் போயிருப்பார்கள். இரக்கப்பட்டுச் சொன்ன ஒரு வார்த்தை அவர் கண்ணில் பாதியைக் கொண்டுபோய்விட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. அந்தப் பாரத்தை இறக்கி வைக்க இடமில்லை.

நான்கு நாள் அந்த வீட்டில் பேச்சு இல்லை. காலையும் மாலையும் அவர் இமையை விலக்கி அவள் மருந்து விட்டாள். அவர் முகத்தை நிமிர்த்திக் கொடுத்தார். பக்கத்து வீட்டுக்காரர் சுவர் வரை வந்து, இந்தத் தடவை எதுவும் கேட்காமல் திரும்பிப் போனார்.

ஐந்தாம் நாள் அவரே வாயைத் திறந்தார். “ஒரு டப்பா வெள்ளை வாங்கிட்டு வா. நீலம் வேணாம்.”

“நானே அடிச்சுடறேங்க.”

“உனக்கு பிரஷ் பிடிக்கத் தெரியுமா? தள்ளு.”

ஒரு கையால் சுவரைத் தடவிக்கொண்டு, மறு கையால் அடித்தார். எதிரே தெரிகிற அந்தத் தட்டு அகலத்தை அடித்துவிட்டு, அரை அடி நகர்ந்து அடுத்ததை அடித்தார். முன்பு ஒரு மணி நேரத்தில் முடிகிற ஒரு பூச்சுக்குப் பகல் முழுக்க ஆயிற்று. அக்கா கதவருகே நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

முடித்துவிட்டு அவள் நின்ற பக்கம் திரும்பினார். புருவத்தில் பெயின்ட்.

“எப்படி இருக்கு?”

அக்கா உள்ளே ஏறினாள். நான்கு மூலையையும் பார்த்தாள்.

“நல்லாவே இல்ல. மேல் மூலையில திட்டுத் திட்டா இருக்கு. கதவு ஓரத்துல ஒரு சாண் அப்படியே நீலமா விட்டுப்போச்சு. என்ன வேலை பாத்திருக்கீங்க?”

“எந்த ஓரம்?” என்று கேட்டபடி பெயின்டர் பிரஷ்ஷை மறுபடி டப்பாவில் தோய்த்தார்.