ரிவர்ஸில் வந்த வார்த்தை

இதுவரை மூன்று கார்கள் வைத்திருந்திருக்கிறேன். இப்போது இருப்பது பேட்டரி கார். ஓடுகிறதா நிற்கிறதா என்றே சட்டென்று தெரியாது. ரிவர்ஸ் போட்டால் பின்னால் படுத்திருக்கும் பூனையைக்கூடத் திரையில் காட்டுகிறது. முதல் கார், பெங்களூர் ஆஸ்டின் டவுனில் ஒரு தமிழ்க் குடும்பத்திடம் வாங்கிய பழைய வெள்ளைக் கார். வாணியம்பாடியில் எங்கள் தெருவுக்குள் கார் வந்தால் கல்யாணமாக இருக்கும், இல்லையென்றால் சாவாக இருக்கும். அந்தத் தெருவில் வளர்ந்தவன் இங்கே சொந்த ஸ்டீயரிங்கைப் பிடித்தபோது மலைத்துப் போய், சாவியைத் திருப்பாமல் சும்மா உட்கார்ந்திருந்தேன். விற்றவர், எனக்கு ஏதோ சந்தேகம் என்று நினைத்து, பானெட்டைத் திறந்து காட்ட ஆரம்பித்துவிட்டார்.

ஆனால் நான் சொல்ல வந்தது இரண்டாவது காரைப் பற்றி. சாம்பல் நிறம், டீசல், சத்தத்துக்குக் குறைவே இல்லை. கேமரா, சென்சார் என்று எதுவும் கிடையாது. அந்த வண்டிக்குள் நடந்த ஒன்றை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

அப்போது எங்கள் மகளுக்கு மூன்றரை வயது. அதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. காது நன்றாகக் கேட்டது. சிரிப்பாள், அழுவாள், தண்ணீர் வேண்டுமென்றால் என் விரலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவாள். பேச்சு மட்டும் வரவில்லை. ஊரிலிருந்து யார் போன் பண்ணினாலும் முதல் கேள்வி அதுதான். சந்தையில் எந்தக் குழந்தை 'அம்மா' என்று கத்தினாலும் என் மனைவி திரும்பிப் பார்ப்பாள். பார்த்துவிட்டு, கத்தரிக்காய் பொறுக்குகிற மாதிரி குனிந்துகொள்வாள். அதைப் பார்க்க எனக்குத் தாங்காது.

சனிக்கிழமை தோறும் ஹெப்பகோடியிலிருந்து மல்லேஸ்வரத்துக்குப் பேச்சுப் பயிற்சிக்குப் போவோம். ஊரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி. வீட்டில் ஒரே மொழி பேசுங்கள், கண்ணில் படுவதையெல்லாம் பேர் சொல்லிக் காட்டுங்கள் என்று பயிற்சி கொடுக்கிற டாக்டரம்மா சொல்லியிருந்தார். அதனால் சிக்னலுக்குச் சிக்னல் நானும் மனைவியும் லாரி, மாடு, பஸ், மரம், போலீஸ் என்று மாறி மாறி ஒப்பித்துக்கொண்டே போவோம். பக்கத்து ஆட்டோக்காரர் எங்களை ஒரு மாதிரியாகப் பார்ப்பார். மகளோ எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பின்சீட்டில் முட்டி போட்டு, பின்கண்ணாடி வழியாக வந்த வழியையே பார்த்துக்கொண்டு வருவாள். நேராக உட்காரவைத்தால் அழுது தீர்த்துவிடுவாள்.

எங்கள் அபார்ட்மெண்ட் பேஸ்மெண்டில் எங்களுக்குக் கொடுத்த இடம் இரண்டு தூண்களுக்கு நடுவே. வண்டியைப் பின்பக்கமாகத்தான் நுழைக்க முடியும். வாட்ச்மேன் பின்னால் நின்று, கை காட்டி, குரல் கொடுத்து உள்ளே வாங்கிக்கொள்வார். ஒரு சாயங்காலம் அப்படி நுழைத்துக்கொண்டிருந்தபோது பின்சீட்டிலிருந்து ஒரு குரல் வந்தது.

"பல்லி."

மனைவி வீலென்று கத்திக் காலைத் தூக்கிக்கொண்டாள். அப்புறம்தான் இருவருக்கும் உறைத்தது. பேசிவிட்டாள். பல்லி என்றாலே பத்தடி தள்ளி நிற்கிற என் மனைவி, அன்றைக்கு அது கிடைத்திருந்தால் கையில் எடுத்துக் கொஞ்சியிருப்பாள். மிதியடிகளை உதறினோம். சீட்டுக்கு அடியில் டார்ச் அடித்துத் தேடினோம். வேர்க்கடலைத் தோலும் ஒரு ஹேர்பின்னும் கிடைத்தன. பல்லி கிடைக்கவில்லை.

டாக்டரம்மாவுக்கும் சந்தோஷம்தான். நிஜப் பல்லியைக் காட்டி அந்த வார்த்தையைச் சொல்லுங்கள் என்றார். எங்கள் சமையலறை ட்யூப்லைட்டுக்குப் பின்னால் ஒன்று குடியிருந்தது. மனைவி மகளைத் தூக்கி வைத்துக்கொண்டு, பல்லி பாரு, பல்லி பாரு என்று தொண்டை வற்றும்வரை சொன்னாள். மகள் லைட்டைப் பார்த்தாள், அம்மாவின் கம்மலைப் பார்த்தாள், பல்லியைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஆனால் காரில் மட்டும் அவ்வப்போது 'பல்லி பல்லி' என்பாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு டாக்டரம்மா, ஒரு பொருளோடு ஒட்டாதவரை அதை வார்த்தை என்று எடுத்துக்கொள்ள முடியாது, வெறும் சத்தமாக இருக்கலாம் என்றார். தன்மையாகத்தான் சொன்னார்.

அன்றைக்குத் திரும்பி வரும்போது மனைவி எதற்கும் பேர் சொல்லவில்லை. நானும் விட்டுவிட்டேன். இவள் கடைசிவரை பேசாமலே போய்விட்டால், நாங்கள் இல்லாத காலத்தில் என்ன செய்வாள் என்று மேம்பாலத்தில் போய்க்கொண்டிருக்கும்போது முதல்முறையாக நினைத்தேன். கண்ணீர் கண்ணை மறைத்தது. வண்டியை ஓரமாக மெதுவாகவே ஓட்டி வந்தேன்.

பேஸ்மெண்டுக்கு வந்தால் வாட்ச்மேன் இல்லை. தண்ணீர் லாரி வந்திருந்ததால் மேலே போயிருந்தார். வேறு வழியில்லாமல் நானே ரிவர்ஸ் போட்டு, பிரேக்கில் கால் வைத்து, தயங்கித் தயங்கி வண்டியை நகர்த்தினேன். பின்சீட்டிலிருந்து குரல் வந்தது. "பல்லி... பல்லி..."

கண்ணாடியில் பார்த்தேன். முட்டி போட்டு நின்றிருந்தாள். வலது கையை உயர்த்தி, நான்கு விரல்களையும் தன் பக்கமாக மடக்கி மடக்கி நீட்டிக்கொண்டிருந்தாள். வாட்ச்மேன் கை காட்டுவது அச்சு அசலாக அப்படித்தான்.

என் கால் பிரேக்கில் அப்படியே நின்றுவிட்டது. கை காட்டும்போது அவர் சொல்வது பர்லி, பர்லி. கன்னடத்தில் 'வரட்டும், வரட்டும்' என்று அர்த்தம். இந்த ஊரில் யார் வண்டியைப் பின்னால் எடுத்தாலும் யாராவது ஒருவர் இப்படித்தான் சொல்லிக்கொண்டு நிற்பார். கேட்டுக் கேட்டு எங்களுக்கு அது ஹாரன் சத்தம் மாதிரி ஆகிவிட்டது. அவளுக்கு 'ர்' வரவில்லை, அவ்வளவுதான். எங்களுடைய தமிழ்க் காது அதைப் பல்லியாக்கி, சமையலறைச் சுவர் வரை தேடிக்கொண்டு போய்விட்டது.

மனைவியிடம் சொன்னேன். நம்பவில்லை. வண்டியைக் கொஞ்சம் பின்னால் விட்டேன். "பல்லி." நிறுத்தினேன். சத்தமில்லை. மறுபடி விட்டேன். "பல்லி, பல்லி." முன்னால் உட்கார்ந்து நாங்கள் தமிழை ஊட்டிக்கொண்டிருக்க, இவள் பின்பக்கமாகக் கன்னடத்தை எடுத்துக்கொண்டிருக்கிறாள். எப்போது சொல்ல வேண்டும், சொன்னால் என்ன நடக்கும் என்பதுவரை தெரிந்து வைத்திருக்கிறாள். இவ்வளவு பெரிய வண்டியை அந்தச் சின்ன வாயால் இத்தனை நாளாக இழுத்துக்கொண்டிருந்திருக்கிறாள். பேசுகிற பிள்ளையை வைத்துக்கொண்டு பேச்சுக்காக ஊரைச் சுற்றியிருக்கிறோம். நான் இன்ஜினை நிறுத்திவிட்டு ஹேண்ட்பிரேக்கைப் போட்டேன்.

மனைவி கதவைத் திறந்து இறங்கினாள். கதவைச் சாத்தக்கூட இல்லை. சுற்றிக்கொண்டு போய், வாட்ச்மேன் நிற்கிற தூணோரமாக நின்றாள். பின்கண்ணாடிக்கு நேராக அவள் மட்டும்தான் இருந்தாள். மகள் அவளையே பார்த்தாள். கார் அசையவில்லை.

மகள் கையை உயர்த்தினாள். விரல்களை மடக்கினாள்.

"பல்லி."

மனைவி ஒரு அடி எடுத்து வைத்தாள்.

"பல்லி, பல்லி."

இன்னும் ஒரு அடி. அப்படியே நடந்து வந்து பின்கண்ணாடியில் முகம் பதிய நின்றாள். அழுகையில் குரல் சரியாக எழும்பவில்லை. திறந்திருந்த கதவு வழியாகத்தான் எனக்குக் கேட்டது.

"வந்துட்டேன்டி. நீ கூப்ட்ட இல்ல, அம்மா வந்துட்டேன்."