இரண்டு ஈர்க்குகள்

நானும் அப்பாவும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, கரியாலூர் வீட்டு வாசலில் ஜீப்பின் பின்பக்க ஆக்சிலை மாற்றியது. பழையது உடைந்துவிட்டது. கழித்துப் போட்ட ஒரு சரக்கு வண்டியின் ஆக்சிலை வாங்கி வந்து மாட்டியிருந்தார். எஞ்சினிலிருந்து வரும் ஷாஃப்டையும் ஆக்சிலையும் இணைக்கிற, கூட்டல்குறி போன்ற கிராஸ் மட்டும் பாக்கி.

ஷாஃப்டு வாசலில் கிடந்தது. அதன் முனையில் கவை போலிருக்கும் யோக்கின் இரண்டு காதுகளுக்கு நடுவே விளக்குமாற்று ஈர்க்கு ஒன்றை வைத்து அளவாக ஒடித்தார். இன்னொன்றோடு வண்டிக்கு அடியில் போய் ஆக்சில் யோக்கை அளந்தார். எப்போதும் அவருக்கு அதுதான் அளவுகோல்.

நான் டிப்ளமோ மெக்கானிக்கல். ஓசூரில் தரப் பரிசோதனை வேலை. வெர்னியரால் இரண்டு யோக்கின் காதுகளிலும் இருந்த துளைகளை அளந்தேன். இரண்டும் இருபத்தேழு மில்லிமீட்டர்.

"ரெண்டும் ஒண்ணுதாம்ப்பா. பழைய கிராஸ் அளவே போதும்."

"குச்சி ஒண்ணு நீட்டமா இருக்குதே பாப்பா."

"குச்சிய வுடுப்பா. அம்மா வெளக்குமாத்தத் தேடிக்கினு இருக்குது."

சிரித்தார். நான் கிராஸ் அளவை எழுதிக் கொடுத்த சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அன்று மாலையே நான் பஸ் ஏறினேன்.

அப்பா பெயர் மாயவன். படிப்பு ஐந்தாம் வகுப்பு. எண்பத்தேழிலிருந்து மலையில் ஜீப் ஓட்டினார். கடுக்காய், புளி, நோயாளிகள் எல்லாம் அதில்தான் கீழே இறங்கும். எங்கள் ஊர் இருசம்மாள் அக்காவுக்குப் பாதி வழியில் வண்டிக்குள்ளேயே பையன் பிறந்தான். "ஏறும்போது ஒரு ஆளு, எறங்கும்போது ரெண்டு. அரை டிக்கெட்டாவது குடு" என்று கேட்டாராம். சாவு வீட்டில் அதைச் சொல்லித்தான் அக்கா அழுதார்.

அந்த வாரம் வியாழக்கிழமை அப்பா கள்ளக்குறிச்சி கடையில் சீட்டைக் காட்டி கிராஸ் வாங்கியிருக்கிறார். ஷாஃப்டில் சரியாக உட்கார்ந்தது. ஆக்சில் யோக்கில் பக்கத்துக்கு ஐந்து மில்லிமீட்டர் இடம் விட்டு ஆடியது. துளையின் அளவு ஒன்றுதான். காதுகளின் இடைவெளி வேறு. அதை நான் அளக்கவே இல்லை.

கிராஸ் மாட்டியாயிற்றா என்று போனில் கேட்டேன். "கடக்காரன் மாத்திக் குடுத்துட்டாம்மா. செவ்வாக்கெழம போயி மாத்திக்கினு வந்துடறேன்" என்றார்.

ஞாயிறு காலை அவருக்கு நெஞ்சு வலித்தது. ஜீப் கல்மேல் நின்றது. கச்சிராயபாளையத்திலிருந்து வேறு வண்டி மலையேறி வர ஒன்றரை மணி நேரம். இறங்கும்போது பாதி வழியில் போய்விட்டார். முன்னாலேயே கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று டாக்டர் சொல்லவில்லை.

காரியம் முடிந்த அன்று அம்மா சொன்னார்: "கடக்காரன் சீட்டுல இருந்ததத்தான் குடுத்தான். அவருக்குத் தெரியும். பாப்பாகிட்ட சொல்லாதன்னாரு."

ஜீப்பின் ஓட்டுநர் இருக்கையில் கிராஸ் பெட்டி இருந்தது. அதன்மேல் நூலால் சேர்த்துக் கட்டிய இரண்டு ஈர்க்குகள். அளந்தேன். எண்பத்திரண்டு. தொண்ணூற்றிரண்டு.

பெட்டிக்குள் என் சீட்டு. அதன் அடியில் பென்சிலில் அவர் எழுத்து: "செவ்வாய். ஒரு பக்கம் சின்னது, ஒரு பக்கம் பெரிசு. அந்த மாதிரி கிராஸா மாத்தணும்."