உரிந்த லென்ஸ்கள்

என் வீட்டுக்காரருக்கு வேலையிடத்தில் பூதக்கண்ணாடி என்று பெயர். கண்புரை அறுவையின்போது கண்ணுக்குள் வைக்கிற லென்ஸுக்குப் பூச்சு போடுவது அவர் வேலை. நாளெல்லாம் லென்ஸில் குற்றம் தேடுகிறவர் வீட்டுக்கு வந்தும் அதையேதான் செய்வார். பால் பாக்கெட்டை முகர்ந்து பார்ப்பார். பூட்டிய கதவை இழுத்துப் பார்த்துவிட்டு, நீயும் பார்த்தாயா என்பார். இந்த மனுஷனோடு இத்தனை காலம் குப்பை கொட்டியதற்கு எனக்கு விருதே கொடுக்கலாம்.

ஆனால் கெட்டிக்காரர். லென்ஸில் இரண்டாவது பூச்சு நிற்காமல் உரிந்துகொண்டே இருந்தது. முதல் பூச்சு காயக் காத்திருக்காமல் ஈரத்திலேயே அடுத்ததைப் போட்டு அதை நிற்கவைத்தவர் இவர்தான். அதுவரை கெட்டுப்போன லென்ஸ்களையெல்லாம், யாராவது பார்த்துக் காப்பியடித்துவிடுவார்கள் என்று நொறுக்கிக் குப்பையில் போட்டுவிட்டார். கம்பெனி காப்புரிமைக்கு மனுப்போட்டது.

அந்த மனு வெளியே தெரிவதற்குள் போட்டிக் கம்பெனி அதே முறையில் லென்ஸ் கொண்டுவந்தது. அங்கே பூச்சுப் பிரிவில் இருப்பவன் என் தம்பி. கேட்கவா வேண்டும்! போன தடவை வந்தபோது எந்த நாற்காலியில் உட்கார்ந்தான், என் பையைத் தொட்டானா என்று என்னைக் குடைந்தெடுத்தார். இனி அவன் வாசற்படி மிதிக்கக் கூடாது என்றார். தம்பி போனில் சத்தியம் செய்தான். நம்பினேன். ஆனாலும் ஓர் ஓரத்தில் உறுத்தியது. கூடப் பிறந்தவனையே அப்படி நினைக்க வைத்துவிட்டாரே என்று பற்றிக்கொண்டு வந்தது.

காப்புரிமை கிடைத்ததும் போட்டிக் கம்பெனி அதை ரத்து செய்யச் சொல்லி வழக்குப் போட்டது. தொழில் தெரிந்த எவனுக்கும் தானாகவே தோன்றக்கூடிய விஷயம் இது என்பது அவர்கள் வாதம். எவ்வளவு கஷ்டப்பட்டீர்கள் என்பதற்கு ஏதாவது ஆதாரம் உண்டா என்று எங்கள் வக்கீல் கேட்டார். கெட்டுப்போன லென்ஸையெல்லாம் நொறுக்கிப் போட்டாயிற்றே என்றார் இவர். அப்படியானால் மச்சான் திருடினான் என்று காட்டினால்தான் பிழைக்கலாம், சுலபமானதை யார் திருடுவார்கள் என்றார் வக்கீல். அன்றிலிருந்து இவருக்கு என் தம்பி திருடனாக இருந்தே ஆக வேண்டும்.

விசாரணைக்கு நானும் போனேன். தம்பி ஒரு பிஸ்கட் டப்பாவோடு வந்தான். திருடினாயா என்று எங்கள் வக்கீல் கேட்டதும் அதைத் திறந்து மேசையில் வைத்தான். தேதி எழுதிய சின்னச் சின்ன உறைகள். உள்ளே உரிந்தும் வெடித்தும் மங்கியும் போன லென்ஸ்கள்.

"ரெண்டு வருஷம் தலைகீழா நின்னு பார்த்தேங்க. திருடியிருந்தா இத்தனையைக் கெடுத்திருப்பேனா?"

அவன் கம்பெனி வக்கீல் முகத்தில் ஈயாடவில்லை. தொழில் தெரிந்தவனுக்கே இரண்டு வருஷம் பிடித்ததென்றால், தானாகவே தோன்றும் என்று அவர் காலையிலிருந்து பேசியதெல்லாம் அந்த டப்பாவால் வீணாய்ப்போனது. தன் வேலைக்குத் தானே உலை வைக்கிறோம் என்று தம்பிக்கும் தெரியும். அவன் என்னையேதான் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

காப்புரிமை நிலைத்தது. தம்பிக்கு வேலை போனது. டப்பா திரும்பக் கைக்கு வந்ததும் அதை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தான். இவர் வாசலிலேயே நிறுத்தி, ஒரு லென்ஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அப்போதும் அந்தச் சந்தேகப் புத்தி போகவில்லை.

"கெட்டுப்போனதை எதுக்குடா இவ்வளவு பத்திரமா வெச்சிருந்தே?"

"என்னைக்காவது உங்ககிட்ட காட்டி, எங்க தப்பு பண்றேன்னு கேக்கலாம்னுதான், மாமா."

இவர் உள்ளே போய் அவனுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.