வலப்பக்கத்து ஃபுட்ரெஸ்ட்

என் வீட்டுக்காரர் ஒரு நாள் மத்தியானம் சாப்பிட வரும்போது, பேப்பரில் கொஞ்சம் மண்ணை மடித்துக்கொண்டு வந்தார். ராயப்பேட்டையில் அவருக்கு ஒரு சின்ன மெக்கானிக் கடை. பெரிய பெரிய மோட்டார் சைக்கிள்களை மட்டும்தான் தொடுவார். அந்த வண்டிகளில் ஊர் ஊராகச் சுற்றுகிறவர்கள் திரும்பி வந்ததும் அவரிடம்தான் விடுவார்கள். அப்படி வந்த ஒரு வண்டியின் மட்கார்டுக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருந்த மண் அது.

"பாரு, மலை மண்ணு. எம்மாந்தூரத்துலேந்து வந்து கீது பாரு" என்றார்.

சாம்பல் நிறத்தில், சலித்த மாவு மாதிரி இருந்தது. விரலில் தொட்டுப் பார்த்துவிட்டுச் சேலையில் துடைக்க மனசு வராமல் அப்படியே வைத்துக்கொண்டிருந்தேன். முப்பது வருஷமாக மற்றவர்கள் வண்டியிலிருந்து மலையைக் கழுவி விட்டுக்கொண்டிருக்கிற மனுஷன். பரங்கிமலையையும், பஸ்ஸில் போன திருப்பதியையும் விட்டால் வேறு மலை பார்த்ததில்லை. நானும் அப்படித்தான்.

அதனால்தான் பல் டாக்டரம்மா கூப்பிட்டபோது அவருக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

டாக்டரம்மாவுக்கு ராஜா அண்ணாமலைபுரத்தில் வீடு. ஐம்பது வயது இருக்கும். வாரமெல்லாம் ஊரார் பல்லைப் பிடுங்கிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அத்தனை பெரிய வண்டியைத் தனியாக எடுத்துக்கொண்டு போகிறவர். அந்த வண்டிக்கும் இவர்தான் மெக்கானிக். அவரும் அவர் கூட்டாளிகள் ஏழெட்டுப் பேரும் ஆயுத பூஜை கழிந்ததும் பூடான் நாட்டுக்குப் போகப் போகிறார்கள். வண்டிகளை எல்லைக்கு இந்தப் பக்கம் வாடகைக்கு எடுத்துக்கொண்டு, மலை மேலேயே பத்து நாள் சுற்றுவார்களாம். கூட ஒரு மெக்கானிக் வேண்டும். செலவு அவர்களுடையது. பின் சீட்டில் ஒருவரை அழைத்து வரலாம்.

திட்டம் போடுவதற்காக எங்களை வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தார். நான் சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்தேன். எனக்குக் கூச்சம் அதிகம். தி.நகரில் ஒரு ஜவுளிக் கடையிலிருந்து சேலைகளை வாங்கி வந்து ஃபால்ஸ் தைத்துக் கொடுக்கிறேன், இருபது வருஷத்துக்கு மேல். அந்தக் கடையிலேயே இன்றைக்கும் அவர்களாகப் பார்த்து "வாங்கம்மா" என்று சொல்லும் வரை சுவர் ஓரமாக நிற்பேன்.

டாக்டரம்மா பெரிய டிவியில் படம் போட்டார். முதலில் நம் ஊர் தெரிந்தது. விரலால் எதையோ தள்ளினார். கடற்கரை ஓரமாகவே மேலே மேலே போய், வயல், ஆறு எல்லாம் தாண்டி, திடீரென்று நிலம் கசங்கிப்போனது. பெட்டியில் திணித்து வைத்த பட்டுச் சேலையை உதறாமல் விரித்தால் இருக்குமே, அப்படி. அந்த மடிப்புக்குள் மடிப்பாக ஒரு கோடு ஓடியது.

"இதுதான் நாம போற ரோடு" என்றார்.

நூல்கண்டு கைதவறி உருண்ட மாதிரி இருந்தது. அது ரோடு என்றால் அதைப் போட்டவர்கள் எங்கே நின்றுகொண்டு போட்டார்கள் என்று நினைத்தேன். ஒரு கணவாயில் கலர் கலராகக் கொடி கட்டியிருந்தது. ஊருக்கு நடுவில் வெள்ளைக் கையுறை போட்ட ஒரு போலீஸ்காரர் கூண்டுக்குள் நின்று கையைக் காட்டிக்கொண்டிருந்தார். அது அந்த நாட்டுத் தலைநகரமாம். அங்கே ஒரு சிக்னல் கூடக் கிடையாதாம்.

"நம்ம மவுண்ட் ரோடுல அப்டி ஒர்த்தர நிக்க வுட்டா அவரையும் ஏத்திட்டு போயிருவானுங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

பாஸ்போர்ட்டுக்கு எங்கே போவது என்று நான் மனசுக்குள் பயந்துகொண்டிருந்தேன். வேண்டாமாம். வாக்காளர் அட்டை போதுமாம். கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்தில் வரிசையில் நின்று காட்டுகிற அட்டை. அதில் இருக்கும் முகத்தை எனக்கே அடையாளம் தெரியாது. அதைப் பார்த்து இன்னொரு நாடு, உள்ளே வா என்று சொல்லப் போகிறது.

அப்புறம் டாக்டரம்மா ஒரு ஃபாரத்தை எடுத்தார். ஓட்டுகிறவர் பெயருக்கு ஒரு கட்டம், அதன் கீழே பின்னால் உட்காருகிறவர் பெயருக்கு ஒரு கட்டம்.

"ஒண்ணே ஒண்ணு, மாமி. மலை வளைவுல ஒரு பக்கமா உக்காந்துண்டு வரக்கூடாது. ரெண்டு பக்கமும் கால் போட்டுத்தான் உக்காரணும். லக்கேஜ் வேன்லயும் இடம் கிடையாது. வர ஞாயித்துக்கிழமை காலம்பற அடையார் வரைக்கும் ஒரு ரவுண்டு போய்ப் பார்ப்போம். சரியா இருந்தா ரெண்டு பேர் பேரையும் எழுதி அனுப்பிடறேன்."

எனக்கு அறுபத்திரண்டு வயது. நாற்பது வருஷமாக அவர் வண்டியில் போகிறேன். ஒரு நாளும் காலைத் தூக்கிப் போட்டு உட்கார்ந்ததில்லை. தலையைக் குனிந்துகொண்டேன்.

"இவ வரலன்னா நானும் வரல டாக்டர்" என்றார் அவர், டீக்குச் சர்க்கரை வேண்டாம் என்கிற மாதிரி.

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன். "இன்னாய்யா நீ, அவங்க எதிர்ல அப்டி சொல்லிட்ட? நீ போயிட்டு வாயேன்."

"போயி? மலைய பாத்துட்டு, 'பாத்தியாமே'ன்னு திரும்பிச் சொல்ல ஆள் வாணாவா?"

ஆக அவருடைய மலை என் காலில் வந்து நின்றது. அதைவிட, எனக்கே அந்தக் கணவாயில் கொடி பறப்பதைப் பார்க்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் கடையில் அவர் எங்கள் வண்டியைக் கீழே உட்கார்ந்து பார்த்தார். இடது பக்கத்தில், சேலை கட்டுகிறவர்கள் இரண்டு காலையும் சேர்த்து வைக்க ஒரு தகடு உண்டு. அதைக் கழற்றிக் கீழே வைத்தார். என் செருப்பு பட்டுப் பட்டு நடுவில் வெள்ளி மாதிரி தேய்ந்திருந்தது. வலது பக்கம் மடித்து வைத்திருந்த ஃபுட்ரெஸ்ட்டை இழுத்தார். வரவில்லை. வண்டி வாங்கியதிலிருந்து அதை யாரும் மடக்கிப் பிரித்ததே இல்லை. துருவேறி இறுகிவிட்டது. எண்ணெய் விட்டு, சுத்தியலால் தட்டி, சாயங்காலம்தான் அது கீழே வந்தது.

நான் எனக்கே அளவெடுத்து ஒரு சுடிதார் தைத்தேன். எத்தனையோ பெண்களின் சேலைக்கு ஓரம் தைத்தவள், என் கணுக்காலைச் சுற்றி அப்போதுதான் டேப்பை வைக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் பட்டினப்பாக்கத்துக்குப் போனோம். மீன்கடைகள் இருக்கிற ரோட்டில் அந்த நேரத்தில் நெரிசல் இருக்காது என்று அவர் கணக்கு. எனக்குத் தெரிந்த மீன்காரி ஒருத்தி அங்கே கடை போட்டிருப்பாள் என்பதை நான் மறந்துபோனேன். அவர் தோளைப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு, காலைத் தூக்கிப் போட்டு உட்கார்ந்தேன். வண்டி கிளம்பியது. கிளம்பியதும் வலது பக்கமாக ஒதுங்கியது. அவர் நிமிர்த்தினார். மறுபடி ஒதுங்கியது. ஒதுங்கி ஒதுங்கி, ஓரமாகக் குவித்திருந்த வலைக் குவியலில் மெதுவாகச் சாய்ந்தோம். அடி ஒன்றும் படவில்லை.

"இன்னாக்கா, ஜோடியா வலையில மாட்டிக்கினீங்க?" என்றாள் மீன்காரி, கத்தியைக் கீழே போட்டுவிட்டு. "இன்னைக்கு வெல ஏறிப்போச்சுபா, ரெண்டும் பெர்ய மீனு!"

நான் சுடிதார் துப்பட்டாவில் முகத்தை மூடிக்கொண்டேன். "இன்னாத்துக்கு மூட்ற?" என்று அவளே வந்து கைகொடுத்துத் தூக்கிவிட்டாள். "வுழுந்தது வண்டிதானே. ஏறு, ஏறு."

மூன்று தடவை ஏறினோம். மூன்று தடவையும் வண்டி வலது பக்கமே போனது. வண்டியில்தான் கோளாறு என்று அவர் முடிவு செய்துவிட்டார். அன்றைக்கு முழுக்க முன் சக்கரத்தைக் கழற்றினார், பின் சக்கரத்தைக் கழற்றினார், நூல் பிடித்துப் பார்த்தார். எல்லாம் நேராக இருந்தது. தனியாக ஓட்டினால் அம்பு மாதிரி போனது. நான் ஏறினால் இழுத்தது.

"வுட்றுமே. வாணாம். நம்ம தலையில எழுதல" என்று அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது சொன்னார். அவர் தட்டைப் பார்த்துச் சொன்னார். என்னைப் பார்க்கவில்லை.

புதன்கிழமை காலை அவர் சட்டைக்குப் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தேன். அவர் சட்டை எல்லாவற்றையும் வாங்கியவுடன் நான் ஒரு தடவை பிரித்துத் தைப்பேன். வலது பக்கம் எப்போதும் ஒரு விரல் அளவு கீழே தொங்கும். அதை மடித்து அடித்தால்தான் இரண்டு பக்கமும் சமமாக நிற்கும். ஸ்பேனர் பிடிக்கிற தோள், இறங்கிவிட்டது என்றுதான் நான் நினைத்திருந்தேன். பொத்தானை விட்டுவிட்டு அந்த மடிப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு சட்டையும் ஊசியுமாக எழுந்து, வாசலில் இருந்த அவரிடம் போனேன்.

"யோவ், வண்டி கோணல் இல்ல. நீதான் கோணல்."

"இன்னாது?"

"நான் ஏறினா நீ சோத்துக்கை பக்கமா சாயற. சட்டைய பாரு."

அவர் சட்டையை வாங்கிப் பார்த்தார். வண்டியில் ஏறி உட்கார்ந்து, என்னைப் பின்னால் உட்காரச் சொன்னார். நான் உட்கார்ந்ததும் அவர் முதுகு தானாக வலது பக்கம் சாய்ந்தது. பின்னாலிருந்து பார்த்த எனக்குத்தான் அது தெரிந்தது. நாற்பது வருஷமாக நான் இடது பக்கம் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். என் கனம் எல்லாம் அந்தப் பக்கம். வண்டி நேராகப் போக வேண்டுமே என்று அவர் உடம்பு எனக்கு எதிர்ப் பக்கமாகச் சாய்ந்துகொண்டே வந்திருக்கிறது. அவருக்கே தெரியாமல்.

"கோணல் ஆக்கினவ நீதான்மே" என்றார்.

நான் பாட்டுக்கு மடியில் மூட்டையை வைத்துக்கொண்டு, கடைகளை வேடிக்கை பார்த்துக்கொண்டு, வண்டி தானாக நேராகப் போகிறது என்று நினைத்து அத்தனை வருஷம் போயிருக்கிறேன்.

அன்றிலிருந்து தினமும் விடிகாலையில் போனோம். அவர் வலது தோளில் கை வைத்திருப்பேன். அது இறங்கினால் ஒரு தட்டு. "நிமிரு." மறுபடி இறங்கும். மறுபடி ஒரு தட்டு. மீன்காரி கடையைத் தாண்டும்போதெல்லாம் அவளும் "நிமிரு நைனா!" என்று கத்தினாள். சனிக்கிழமைக்குள் தட்டுவது குறைந்தது. ஆனால் கையை எடுக்க எனக்குத் தைரியம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை டாக்டரம்மா தன் வண்டியில் எங்களுக்குப் பின்னால் வந்தார். முன்னால் போகிறவர்கள் சாய்வது பின்னால் வருகிறவருக்கு நன்றாகத் தெரியும். நான் அவர் தோளை விடாமல் பிடித்திருந்தேன். கடற்கரையை விட்டு, ராஜா அண்ணாமலைபுரம் தாண்டி, அடையாறு பாலத்தில் ஏறினோம்.

அந்தப் பாலத்தில் நான் எத்தனை தடவை போயிருப்பேன் என்று கணக்கே இல்லை. போகும்போது இடது பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பேன், கழிமுகமும் கடலும் தெரியும். திரும்பும்போதும் இடது பக்கம்தான், ஆறு தெரியும். போகும்போது ஒரு தண்ணீர், வரும்போது ஒரு தண்ணீர். ஒரே ஆறு என்று தெரியாதா என்ன, தெரியும். ஆனால் கண் அதைச் சேர்த்துப் பார்த்ததில்லை. அன்றைக்குத் தலையை நிமிர்த்தினேன். வலது பக்கம் ஆறு வந்துகொண்டிருந்தது. எங்களுக்குக் கீழே நுழைந்தது. இடது பக்கம் அகலமாகிக் கடலைப் பார்த்துப் போனது. அந்தக் காலை வெயில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரைக்கும் ஒரே துணியாக விரிந்து கிடந்தது. நடுவில் நாங்கள் இரண்டு பேரும் போய்க்கொண்டிருந்தோம். நம் ஊர்ப் பாலமே இப்படி என்றால் அந்த மலை எப்படி இருக்கும் என்று நினைத்தேன்.

பாலம் முடிந்த பிறகுதான் பார்த்தேன், என் இரண்டு கையும் என் மடியில் இருந்தன. எப்போது எடுத்தேன் என்று தெரியாது. எல்லாம் போச்சு என்று நினைத்து அவசரமாகத் தோளைப் பிடித்தேன்.

அடையாறில் ஓரமாக நிறுத்தினோம். டாக்டரம்மா ஹெல்மெட்டைக் கழற்றினார்.

"மாமி, பாலத்துல ரெண்டு கையையும் எடுத்துட்டேளே?"

நான் தரையைப் பார்த்தேன். "தெரியாம எடுத்துட்டேன்மா."

"வண்டி ஒரு நூல் அசையலை. மாமா, நேரா ஓட்டிண்டு போனேள்."

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். "கைய எடுத்துட்டியா? எங்கிட்ட சொல்லவே இல்ல?"

டாக்டரம்மா பையிலிருந்து ஃபாரத்தையும் பேனாவையும் எடுத்து என் கையிலேயே கொடுத்தார். வண்டி சீட்டின் மேல் வைத்து, இரண்டாவது கட்டத்தில் என் பெயரைத் தமிழில் எழுதினேன். ஐந்தாம் வகுப்போடு நின்ற எழுத்து. கட்டத்தைக் கொஞ்சம் தாண்டிவிட்டது. "இருக்கட்டும், பக்கத்துல நான் இங்கிலீஷ்ல எழுதிக்கறேன்" என்றார்.

அடுத்த நாள் தி.நகர் கடையில் சேலை வாங்கி வர வேண்டியிருந்தது. பழைய ஞாபகத்தில் சேலை கட்டிக்கொண்டு, ஒரு பக்கமாக ஏறி உட்கார்ந்தேன். காலை வைக்கத் தகடு இல்லை. சந்து முனை திரும்புவதற்குள் வண்டி இடது பக்கம் இழுத்துக்கொண்டு போய்ச் சுவரில் உரசப் பார்த்தது. அவர் காலை ஊன்றி நிறுத்தினார்.

"இன்னாமே இது? இப்பதான் நிமிந்தேன். மறுபடி என்னால கோண முடியாது. எறங்கு, போயி அத்த மாட்டிக்கினு வா."

உள்ளே போய்ச் சுடிதாரை மாட்டிக்கொண்டு வந்தேன். தெருவில் நாலு பேர் பார்த்தார்கள். வலப்பக்கத்து ஃபுட்ரெஸ்ட்டைக் காலாலேயே தட்டி இறக்கிவிட்டு ஏறி உட்கார்ந்தேன். தி.நகர் வரைக்கும் ரோட்டின் இரண்டு பக்கத்தையும் பார்த்துக்கொண்டே போனேன்.